வாக்கு விழுக்காடும் வெற்றிக் கணக்கும்: மதுரை வட்டாரத் தேர்தல்கள் காட்டுவது

2024 மக்களவைத் தேர்தலில் மதுரைத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சு. வெங்கடேசன் 2,09,409 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பக்கத்துத் தொகுதியான விருதுநகரில், அதே அணியில் நின்ற காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்கு வித்தியாசத்தில்தான் கரையேறினார். மதுரையில் பேரலை, விருதுநகரில் இழுபறி என்று இந்த இரண்டு எண்களையும் வாசிப்பது இயல்பு. ஆனால் வாக்குகளைப் பிரித்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. மதுரையில் வெங்கடேசன் பெற்றவை 4,30,323 வாக்குகள். இரண்டாமிடம் வந்த பா.ஜ.க.வின் இராம சீனிவாசன் 2,20,914, மூன்றாமிடம் வந்த அ.தி.மு.க.வின் பா. சரவணன் 2,04,804. தோற்ற இருவரின் வாக்குகளையும் கூட்டினால் 4,25,718. இரண்டு லட்சத்தைத் தாண்டிய அந்த இடைவெளி வெறும் 4,605 ஆகச் சுருங்குகிறது. விருதுநகரில் இதே கூட்டலைப் போட்டால், தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனும் பா.ஜ.க.வின் ராதிகா சரத்குமாரும் சேர்ந்து 5,47,148 வாக்குகள் பெற்றிருக்கிறார்கள். வென்றவர் பெற்றது 3,85,256. ஆக, மதுரையின் பெருவெற்றிக்குள் ஓர் இழுபறி இருந்தது, விருதுநகரின் இழுபறிக்குள் ஒரு பெருந்தோல்வி இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு தேர்தல் நெருக்கமானதா இல்லையா என்பதை வாக்காளரின் மனநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த மனநிலைகள் எந்தெந்தச் சின்னத்தின்கீழ் திரட்டப்படுகின்றன, எந்தெந்த ஊரில் குவிகின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கருத்துக்கணிப்புகள் நெருக்கமான தேர்தல்களில் சறுக்குவதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கணிப்பு, களத்தில் கேட்ட கேள்வியிலிருந்து 'இத்தனை இடங்கள்' என்ற முடிவுக்கு வர மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது, யாருக்கு வாக்களிக்க விருப்பம் என்று மக்களிடமிருந்து அறிவது. இரண்டாவது, அப்படிச் சொன்னவர்களில் யார் உண்மையில் வாக்குச்சாவடிக்குப் போவார்கள் என்று மதிப்பிடுவது. மூன்றாவது, கிடைத்த வாக்கு விழுக்காட்டைத் தொகுதி வெற்றிகளாக மாற்றுவது. தொலைக்காட்சியில் நாம் காண்பது மூன்றாவது படியின் விளைவை மட்டுமே. முதல் படியில் என்ன கிடைத்தது, இரண்டாவதில் என்ன திருத்தம் செய்தார்கள், மூன்றாவதில் எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது பெரும்பாலும் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று தெரியாததால், கணிப்பு பொய்த்ததும் 'மக்கள் ஏமாற்றிவிட்டார்கள்' என்றோ 'கணிப்பாளர் விலைபோய்விட்டார்' என்றோ பேச்சு திரும்புகிறது. இரண்டுமே ஆராயாமல் சொல்லும் தீர்ப்புகள்.

முதல் படியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேரை எந்தச் சாய்வும் இல்லாமல் தேர்ந்தெடுத்துக் கேட்டால், ஒரு கட்சியின் ஆதரவு விழுக்காடு ஏறத்தாழ மூன்று புள்ளிகள் கூடவோ குறையவோ வரலாம் என்கிறது புள்ளியியல். இரண்டு கட்சிகளுக்கு இடையிலான முன்னிலையைக் கணக்கிடும்போது அந்தப் பிழை வரம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். விருதுநகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 4,379 என்பது அதில் அரை விழுக்காடுகூட இல்லை. அவ்வளவு மெல்லிய முன்னிலையைக் கணிப்பின் வழியாக நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால், அந்த ஒரே தொகுதியில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கேட்டாக வேண்டும். எந்த நிறுவனமும் இதைச் செய்ய இயலாது, செய்வதிலும் பொருளில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரை 137 வாக்குகளும், மொடக்குறிச்சியை 281 வாக்குகளும், தென்காசியை 370 வாக்குகளும், காட்பாடியில் துரைமுருகனின் வெற்றியை 746 வாக்குகளும் தீர்மானித்தன. இவற்றை முன்கூட்டிச் சொன்னதாக யாராவது உரிமை கொண்டாடினால் அது தற்செயலாகத்தான் இருக்கும். 2016இல் இராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, மு. அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். அந்த முடிவை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 203 தபால் வாக்குகளில் சான்றொப்பமிட்டவர் யார், அவருக்கு அந்தத் தகுதி உண்டா என்பது உயர்நீதிமன்றத்தில் விவாதப் பொருளானது. சான்றொப்பத்தில் தொங்கி நிற்கும் ஒரு முடிவை எந்த வினாத்தாளாலும் எட்ட முடியாது.

எண்ணிக்கையைப் பெருக்கினால் துல்லியம் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவின் 1936 அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் இருபது லட்சத்துக்கும் அதிகமானோரிடமிருந்து விடை பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் மாபெரும் வெற்றி பெற்றார். மிகக் குறைவானவர்களைக் கேட்ட கணிப்பாளர் காலப் சரியாகச் சொன்னார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியலைப் பெரிதும் நம்பியதுதான் அந்த இதழின் தவறு. யார் அகப்படுகிறார்கள், யார் அகப்படுவதில்லை என்பதே கேள்வி. மதுரை வட்டாரத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. பகல் நேரத்தில் பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் நின்று கேட்டால் ஆண்களே அதிகம் கிடைப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெண்களே அதிகம். 2024இல் 3.06 கோடி ஆண்களும் 3.17 கோடிப் பெண்களும் அதில் இருந்தார்கள். வயல் வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போன பெண்ணை மாலையில் வீட்டில் பார்த்துக் கேட்டாலும், பக்கத்தில் கணவரோ மாமியாரோ நிற்க அவர் சொல்லும் விடை வேறாகலாம். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கிராமத்தில் ஊர்த்தெருவில் மட்டும் கேட்டுவிட்டுக் காலனித் தெருவுக்குள் நுழையாமல் திரும்பினால், கிடைப்பது பாதி ஊரின் கருத்துதான். கேட்பவர் எந்தச் சாதிக்காரர், எந்தக் கட்சிக்காரர் என்று எடைபோட்ட பிறகே விடை சொல்லும் பழக்கமும் நம் ஊர்களில் வலுவாக உண்டு. இந்தச் சாய்வுகள் ஆட்களைக் கூட்டினால் குறையாது. ஒரே சாய்வை ஆயிரம் முறைக்குப் பதில் லட்சம் முறை பதிவு செய்தது மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது படியான வாக்குப்பதிவு, நாம் நினைப்பதைவிட வழுக்கலானது. 2024 ஏப்ரல் 19 மாலை தமிழ்நாட்டில் 72.09 விழுக்காடு வாக்குகள் பதிவானதாகத் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். நள்ளிரவு வாக்கில் அது 69.46 ஆகத் திருத்தப்பட்டது. இறுதி எண் 69.72. நடந்து முடிந்த வாக்குப்பதிவையே அன்று மாலை சரியாகச் சொல்ல முடியவில்லையென்றால், நடக்கவிருக்கும் வாக்குப்பதிவை ஊகிப்பது எத்தனை கடினம் என்று எண்ணிப்பார்க்கலாம். இடத்துக்கு இடம் வேறுபாடும் பெரிது. தர்மபுரியில் 81 விழுக்காட்டைத் தாண்டிய வாக்குப்பதிவு மத்திய சென்னையில் 54ஐ எட்டவில்லை. மதுரையில் ஏறத்தாழ 62, பக்கத்து விருதுநகரில் ஏறத்தாழ 70. நகரத்துப் படித்த வாக்காளர் கணிப்பாளரிடம் நிறையப் பேசுகிறார், வாக்குச்சாவடிக்குக் குறைவாகப் போகிறார். கிராமத்து வாக்காளரிடம் இந்தக் கணக்கு தலைகீழ். 2019 ஏப்ரல் 18 அன்று மதுரைத் தொகுதியில் மட்டும் சித்திரைத் திருவிழாவுக்காக வாக்குப்பதிவு இரவு 8 மணிவரை நீட்டிக்கப்பட்டது. திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேர் வாக்களித்துவிட்டு வந்தார்கள், எத்தனை பேர் வாக்களிக்காமலே நின்றார்கள் என்று எந்தச் சூத்திரம் சொல்லும்? இலங்கையின் 2005 அதிபர் தேர்தல் இதற்குக் கசப்பான சான்று. மகிந்த ராஜபக்ச 50.29 விழுக்காடும் ரணில் விக்கிரமசிங்க 48.43 விழுக்காடும் பெற்றார்கள். வேறுபாடு இரண்டு லட்சம் வாக்குகளுக்கும் குறைவு. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவரை ஒட்டியே இருந்தார்கள். வாக்காளர் யாரை விரும்பினார் என்பதைவிட, அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தாரா என்பதே ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்பியது.

இருந்தும் இந்த இரண்டு படிகளும் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. உலகெங்கும் கணிப்பாளர்கள் இவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கே உரிய சிக்கல் மூன்றாவது படியில் இருக்கிறது, அதன் வரலாறு மதுரையைச் சூழ்ந்த இந்தச் சமவெளியிலேயே எழுதப்பட்டது. 1967இல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர், தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். காங்கிரசை மக்கள் தூக்கி எறிந்தார்கள் என்று அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். எண்கள் சொல்வது சற்று வேறு. 1962இல் காங்கிரஸ் 46.14 விழுக்காடு வாக்குகளோடு 139 இடங்களை வென்றது. 1967இல் அதன் வாக்கு 41.10 விழுக்காடு. இறங்கியது ஐந்து புள்ளிகள்தான், ஆனால் கிடைத்த இடங்கள் 51. தி.மு.க. தனியாகப் பெற்ற 40.69 விழுக்காடு காங்கிரசின் விழுக்காட்டைவிடக் குறைவு, வென்ற இடங்களோ 137. 1962இல் சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்குகளைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட் உள்ளிட்ட கட்சிகளோடு அண்ணா ஒரே அணியாகத் திரட்டியதுதான் பெரிய மாற்றம். அன்று யாராவது காங்கிரஸ் ஆதரவு 41 விழுக்காடு என்று மிகச் சரியாகக் கணித்திருந்தாலும், கூட்டணிக் கணக்கைத் தவறவிட்டிருந்தால் ஆட்சி மாற்றத்தைக் கண்டிருக்க முடியாது.

இந்த இயக்கத்துக்கு ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் மூவரும் 1980களில் இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்தபோது 'எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு' ஒன்றைப் பயன்படுத்தினார்கள். எதிர்ப்பு வாக்குகள் மொத்தத்தில் மிகப் பெரிய எதிர்க்கட்சிக்கு எத்தனை பங்கு போகிறது என்பதே அது. ஆளும் கட்சியின் வாக்கு ஒரு புள்ளிகூட அசையாமல் இந்தக் குறியீடு மட்டும் ஏறினால், இடங்கள் கைமாறும். தமிழ்நாட்டில் இதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரண்டு தேர்தல்களில் காணலாம். 2014இல் அ.தி.மு.க. ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குகளோடு 39 மக்களவை இடங்களில் 37ஐ வென்றது. தி.மு.க. அணியும் பா.ஜ.க. அணியும் எதிர்ப்பு வாக்கைப் பங்கிட்டுக்கொண்டன. 2024இல் தி.மு.க. அணி ஏறத்தாழ 47 விழுக்காடு வாக்குகளோடு 39ஐயும் வென்றது. அ.தி.மு.க. அணி 23, பா.ஜ.க. அணி 18 என்று எதிர்ப்பு பிரிந்தது. மதுரையில் 2014இல் அ.தி.மு.க.வின் கோபாலகிருஷ்ணன் இரண்டு லட்சத்தை ஒட்டிய வித்தியாசத்தில் வென்றபோதும், மூன்றாமிடத்து தே.மு.தி.க. ஒன்றரை லட்சம் அளவுக்கு வாக்குகளைப் பெற்றிருந்தது. வென்ற கட்சி மாறியது, வெற்றியின் உள்ளமைப்பு மாறவில்லை. பத்தாண்டு இடைவெளியில் மதுரை ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்குத் தாவிவிட்டதாகத் தோன்றுவதில் பெரும்பகுதி, எதிரணி உடைந்து நின்றதன் விளைவு.

2016 சட்டமன்றத் தேர்தல்தான் கணிப்புகளுக்கு நேர்ந்த உண்மையான சோதனை. இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே வாக்கு வேறுபாடு ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஆக்சிஸ் மை இந்தியா தி.மு.க. அணிக்கு 124 முதல் 140 இடங்கள் என்றது. டுடேஸ் சாணக்யாவும் 140ஐ மையமாக வைத்து தி.மு.க. ஆட்சியையே சொன்னது. சி-வோட்டர் மட்டும் அ.தி.மு.க.வுக்கு 139 என்றது. வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க. 134, தி.மு.க. அணி 98. தவறிய கணிப்புகள் வாக்கு விழுக்காட்டில் இரண்டு மூன்று புள்ளிகள் பிசகியிருந்தாலே இத்தனை பெரிய இடப் பிழைக்குப் போதும். நெருக்கமான போட்டியில் ஒரு புள்ளி நகர்ந்தால் பத்துப் பதினைந்து தொகுதிகள் சாயும். அந்த முறை மக்கள் நலக் கூட்டணியும் பா.ம.க.வும் தனித்தனியே ஐந்தாறு விழுக்காடு வாக்குகளைப் பெற்று ஓரிடமும் வெல்லவில்லை. ஆட்சிக்கு எதிரான வாக்கு அங்கே சிதறியது. கணிப்பாளரின் பார்வையில் சிறு கட்சிகளே மிகவும் மங்கலானவை. ஆயிரம் பேரில் ஐம்பது பேர் சொல்லும் பெயர் முப்பதாகவும் எழுபதாகவும் மாறிவிட இடமுண்டு. நம் தேர்தல்களில் வெற்றியைத் தீர்மானிப்பதோ அந்த மங்கலான பகுதிதான்.

இனி மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளைத் தேர்தல்வாரியாக வைத்துப் பார்ப்போம். 2009 மக்களவைத் தேர்தலில் மு.க. அழகிரி மதுரையில் 1,40,985 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டில், 2011 சட்டமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் பத்து இடங்களையும் அ.தி.மு.க. அணி அள்ளியது. 2016இல் அ.தி.மு.க. எட்டு, தி.மு.க. இரண்டு. 2021இல் ஐந்துக்கு ஐந்து. மாநிலம் முழுவதும் தி.மு.க. அணி ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல் முந்திய தேர்தலில் மதுரை சரிபாதியாகப் பிரிந்து நின்றது. மதுரை கிழக்கு, மத்தி, வடக்கு, தெற்கு, சோழவந்தான் ஒரு பக்கம். மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் மறுபக்கம். மாநிலத்தின் சராசரி நகர்வை எடுத்து எல்லாத் தொகுதிகளின்மீதும் சமமாகப் பரப்பும் முறையை வைத்தால் இந்தப் பிரிவு தெரியவே தெரியாது. நகரின் உள்வட்டத்தில் பெரும்பாலான தொகுதிகள் ஒரு திசையிலும், மேற்கிலும் தெற்கிலும் உள்ள புன்செய்ப் பகுதிகளும் மேலூரும் மறு திசையிலும் நகர்ந்தன. அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்புதான் வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அது தென்மாவட்டங்களில் எழுப்பிய எதிர்ப்பு வடமாவட்டங்களில் கிடைத்த ஆதரவோடு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. மாநிலச் சராசரியில் அத்தகைய அசைவுகள் தடம் தெரியாமல் போய்விடும், தொகுதியில் தெரியும்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மதுரை மாவட்டத்தின் பத்துச் சட்டமன்றத் தொகுதிகளில் ஆறு மட்டுமே மதுரை மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரில், சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியில். 'மதுரை மக்கள் என்ன நினைக்கிறார்கள்' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைத்தாலும், அந்த விடை மூன்று வெவ்வேறு களங்களில் மூன்று வெவ்வேறு வேட்பாளர் பட்டியல்களின்முன் நிற்கிறது. வாக்காளரும் தேர்தலுக்குத் தேர்தல் வேறு கணக்குப் போடுகிறார். 2019இல் தமிழகத்தில் தி.மு.க. அணி மக்களவையில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வென்றபோது, அ.தி.மு.க.வுக்குக் கிடைத்த ஒரே இடம் தேனி. ஆனால் அதே தேனித் தொகுதிக்குள் அடங்கிய ஆண்டிப்பட்டி, பெரியகுளம் இரண்டிலும் அதே நாளில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தல்களில் தி.மு.க. வென்றது. ஆண்டிப்பட்டியில் உடன்பிறந்த சகோதரர்கள் இருவர் இரு கட்சிகளின் வேட்பாளர்களாக மோதினார்கள். மாநில அளவிலோ, 22 இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. ஒன்பதை வென்று தன் ஆட்சியைக் காத்துக்கொண்டது. தில்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு முடிவுகளை எடுக்கத் தெரிந்த வாக்காளரை 'உங்கள் கட்சி எது' என்ற ஒற்றைக் கேள்வியால் அளக்க முடியாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தோற்ற இரு கட்சிகளின் வாக்குகளைக் கூட்டுவது வெறும் காகிதக் கணக்கு என்பது. இது பெருமளவு சரி. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் 2024இல் சேர்ந்து நின்றிருந்தால், அ.தி.மு.க.வுக்கு விழுந்த சிறுபான்மையினர் வாக்குகளில் ஒரு பகுதி விலகியிருக்கலாம். திராவிடக் கட்சிகள் இரண்டும் வேண்டாம் என்று பா.ஜ.க.வுக்குப் போட்ட வாக்குகளில் ஒரு பகுதி வேறெங்காவது போயிருக்கலாம். விருதுநகரில், விஜயகாந்த் மறைந்து நான்கு மாதம்கூட ஆகாத வேளையில் அவர் மகனுக்கு விழுந்த அனுதாப வாக்கு கட்சிக் கூட்டலில் அடங்காது. 2019இல் அ.தி.மு.க., பா.ஜ.க., பா.ம.க., தே.மு.தி.க. எல்லாம் ஓரணியில் நின்றும் மதுரையில் கிடைத்தது 3,07,680 வாக்குகள்தான், வெங்கடேசன் 1,39,395 வித்தியாசத்தில் வென்றார். மறுபக்கம், வாக்குப் பிளவு எப்போதும் தோல்வியும் தருவதில்லை. 2021இல் உசிலம்பட்டியில் அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த அ.ம.மு.க. ஐம்பதாயிரத்துக்கும் மேல் வாக்குகளைப் பெற்றும் அ.தி.மு.க.வே வென்றது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகிறது. கூட்டணி என்பது நேரான கூட்டல் அல்ல, சில வாக்குகளைச் சேர்க்கும், சிலவற்றை விரட்டும் என்றால், வாக்கு விழுக்காட்டிலிருந்து இடங்களுக்குப் போகும் மூன்றாவது படி இன்னும் நிச்சயமற்றது என்றே பொருள். 4,605 என்ற எண்ணை நடந்திருக்கக்கூடிய முடிவாக நான் முன்வைக்கவில்லை. இரண்டு லட்சம் என்ற வித்தியாசத்தை மக்கள் மனநிலையின் அளவாக வாசிக்கக் கூடாது என்பதற்கான சான்றாகவே வைக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு, பெரும்பாலான கணிப்புகள் சரியாகத்தானே வருகின்றன என்பது. 2019இல், 2021இல், 2024இல் தமிழ்நாட்டில் யார் முந்துவார் என்று கணிப்புகள் சரியாகச் சொன்னது உண்மை. ஆனால் அவை திசை தெளிவாக இருந்த தேர்தல்கள். ஐந்தரைப் புள்ளிக்கும் மேலான இடைவெளி உள்ள இடத்தில், பிழை மலிந்த அளவுகோலும் சரியான திசையைக் காட்டிவிடும். அங்கும்கூட அளவு பிசகியது. 2021இல் ஆக்சிஸ் மை இந்தியா தி.மு.க. அணிக்கு 175 முதல் 195 என்றது, கிடைத்தது 159. 2024இல் பா.ஜ.க. அணிக்குத் தமிழ்நாட்டில் ஓரிரு இடங்களேனும் கிடைக்கும் என்ற கணிப்புகள் பல வந்தன, ஒன்றும் கிடைக்கவில்லை. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் தேசியக் கணிப்புகள் ஹிலாரி கிளிண்டன் சில புள்ளிகள் முந்துவார் என்றன, அவர் நாடு தழுவிய வாக்கில் ஏறத்தாழ இரண்டு புள்ளிகள் முந்தவே செய்தார். ஆனால் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகள் டிரம்ப்பை அதிபராக்கின. அங்கே மாநிலத் தேர்வாளர் முறை செய்யும் வேலையை இங்கே தொகுதியும் கூட்டணியும் செய்கின்றன. வாக்கைச் சரியாக அளந்தும் வெற்றியைத் தவறாகச் சொல்ல முடியும் என்பதே இரு நாடுகளும் தரும் பாடம்.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. இவ்வளவு நிச்சயமற்றவை என்றால் கருத்துக்கணிப்புகளையே தடைசெய்துவிட்டால் என்ன என்பது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, வாக்குப்பதிவு தொடங்கியது முதல் கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது. அது நியாயமான தடை. அதற்கு மேலும் விரிந்த தடை வந்தால் கணிப்புகள் மறையாது, வதந்தியாக மாறும். கட்சிகள் தங்களுக்கென நடத்தும் ரகசியக் கணிப்புகள் தொடரும், அவற்றிலிருந்து தங்களுக்கு வசதியான எண்களை மட்டும் கசியவிடுவார்கள். சாதாரண வாக்காளருக்கு மட்டுமே தகவல் மறுக்கப்படும். அதோடு, கணிப்பின் உண்மையான பயன் வெற்றி தோல்வியைச் சொல்வதில் இல்லை. விலைவாசியைப் பற்றி, வேலையைப் பற்றி, குடிநீரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், எந்த வயதினர் எந்தப் பக்கம் நகர்கிறார்கள், பெண்களின் தேர்வு ஆண்களிடமிருந்து எங்கே பிரிகிறது என்பதையெல்லாம் தேர்தல் முடிவே சொல்லாது. வாக்குப் பெட்டி 'யார்' என்று சொல்கிறது, 'ஏன்' என்று சொல்வதில்லை. 1997இல் தொடங்கிய லோக்நிதி போன்ற ஆய்வுத் திட்டங்கள் வாக்குப்பதிவுக்குப் பின் நிதானமாக நடத்தும் ஆய்வுகளின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. தொலைக்காட்சிப் பந்தயம் ஓய்ந்த பிறகும் அவை வாசிக்கத் தக்கவையாக இருக்கின்றன.

சில கேள்விகளை மட்டும் கருத்துக்கணிப்பால் தொட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலில் தி.மு.க. 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. வாக்குக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரே அரசியல் அகராதியில் ஏறியது. பணம் வாங்கினீர்களா, அதற்காக வாக்கை மாற்றினீர்களா என்று கேட்டால் உண்மையான விடை வரப்போவதில்லை. ஆனால் இரண்டு ஆண்டில் அதே திருமங்கலத்தில் அ.தி.மு.க. வென்றது என்பது, பணம் ஒரு தேர்தலின் முடிவைத் தொட்டாலும் வாக்காளரின் நீண்ட நகர்வை விலைக்கு வாங்க முடியாது என்று காட்டுகிறது. இத்தகைய நகர்வை அறியத் தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20 நம்மிடம் இருக்கிறது. வாக்குச்சாவடிவாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்குகள் என்ற முழுக் கணக்கு அது. செல்லூரிலும் வில்லாபுரத்திலும் அவனியாபுரத்திலும் கள்ளந்திரியிலும் எந்தச் சாவடி எந்தத் தேர்தலில் எப்படி நகர்ந்தது என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒப்பிடலாம். மதுரைக் கல்லூரிகளின் அரசியல், புள்ளியியல் துறை மாணவர்கள் இந்தப் படிவங்களை நான்கைந்து தேர்தல்களுக்கு அடுக்கி ஆராய்ந்தாலே, ஒரு மாநிலக் கணிப்பு தர முடியாத வட்டார அறிவு கிடைக்கும். ஓர் எச்சரிக்கையும் அதில் சேர்ந்தே வருகிறது. சாவடிவாரி எண்களைக் கட்சிகள் ஊரைப் பழிவாங்கவும் பயன்படுத்த முடியும். ஆய்வாளர் அவற்றைத் தெருவின் பெயரோடு பறைசாற்றாமல் போக்கை மட்டும் எழுத வேண்டும்.

ஆகவே கணிப்பு நிறுவனங்களிடமும் அவற்றை வெளியிடும் ஊடகங்களிடமும் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. எத்தனை பேரை, எந்தத் தேதிகளில், எந்தெந்தத் தொகுதிகளில் கேட்டீர்கள்? அவர்களில் பெண்கள் எத்தனை, பட்டியல் சாதியினர் எத்தனை, கிராமத்தார் எத்தனை? பணம் கொடுத்தவர் யார்? இடக் கணக்காக மாற்றுவதற்கு முன் கிடைத்த வாக்கு விழுக்காடு என்ன, மாற்றிய முறை என்ன? பிழை வரம்புக்குள் அடங்கும் தொகுதிகளை 'இழுபறி' என்று ஏன் அறிவிக்கவில்லை? இவற்றுக்கு விடை தராத ஒரு கணிப்பை, அது எந்தக் கட்சிக்குச் சாதகமாக இருந்தாலும், செய்தியாக மதிக்கக் கூடாது. இரண்டு அணிகளின் இடைவெளி மூன்று விழுக்காட்டுக்குள் இருக்கும்போது வெற்றியாளரின் பெயரைச் சொல்லும் கணிப்பு அறிவியலின் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த இடத்தில் 'எங்களால் சொல்ல முடியாது' என்று எழுதும் நிறுவனத்தைத்தான் வாசகர் நம்ப வேண்டும், அத்தகைய நேர்மையைக் கேட்டு வாங்கும் பொறுப்பும் வாசகருக்கே உண்டு.